மாண்டோர் கணக்கும் வாத அறமும்

தமிழில் 'எண்ணுதல்' என்னும் வினைக்கு இரு பொருள் உண்டு. ஒன்று கணக்கிடுதல், மற்றொன்று சிந்தித்தல். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ வேண்டிய இடங்களுள் ஒன்று, மாண்டோரின் தொகையை முன்வைத்து நடக்கும் அரசியல் வாதம். கணக்கிடாமலே எண்ணைச் சொல்வதும், சிந்திக்காமலே அதை மறுப்பதும் அங்கேதான் மிகுதி. அத்தகைய எண்ணை எவ்வாறு சொல்வது, எவ்வாறு கேட்பது, எவ்வாறு மறுப்பது என்பதை நமக்கு மிக நெருக்கமான ஒரு சான்றைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் அமைந்த காஹாங் வட்டாரத் தோட்டங்களில் பேச்சுவழக்குத் தரவுகளை நாம் திரட்டிய காலத்தில், முதியோர் சிலர் தம் தந்தையரையும் சிற்றப்பன்மாரையும் குறித்து ஒரே தொடரைக் கையாண்டனர்: 'அவரு சயாமுக்குப் போனவரு'. அவர் இறந்துவிட்டாரா என்று கேட்டால், 'போனவரு வரலீங்க' என்பதே விடையாக இருந்தது. 'இறந்தார்' என்று சொல்ல அவர்களிடம் சான்று இல்லை; 'இருக்கிறார்' என்று சொல்ல நம்பிக்கை இல்லை. இரண்டுக்கும் இடையே 'போனவர்' என்னும் வினையாலணையும் பெயர் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அவர்கள் நாவில் நின்றது.

இப் 'போனவர்கள்' மேடைக்கு வரும்போது எண்ணாக மாறுகின்றனர். சயாம் மரண ரயில் பாதையில் ஒன்றரை இலட்சம் தமிழர் மாண்டனர் என்று ஒருவர் முழங்குகிறார். பதிவில் உள்ளது முப்பதாயிரம்கூட இல்லை என்று மற்றொருவர் மறுக்கிறார். முதலாமவர் இரண்டாமவரை இனத்துரோகி என்கிறார். இரண்டாமவர் முதலாமவரை மிகைப்படுத்துபவர் என்கிறார். அவை கலையும்போது போனவர்களைப் பற்றி எவரும் புதிதாக ஒன்றும் அறிந்திருப்பதில்லை.

1. எண் ஒரு விடை. அதன் வினா எது?

முதலில் நாம் அறிந்தவற்றை வரிசைப்படுத்துவோம். தாய்லாந்தின் பான் போங் பகுதியையும் பர்மாவின் தான்புசாயாட்டையும் இணைத்து ஜப்பானிய இராணுவம் அமைத்த அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942-ஆம் ஆண்டின் நடுவில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. அந்த வேலையில் நேச நாடுகளின் போர்க் கைதிகளோடு பர்மியர், சாவகர், மலாய்க்காரர், சீனர், தமிழர் எனப் பல்லினத்து ஆசியத் தொழிலாளரும் ஈடுபடுத்தப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோரில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழரே.

போர் முடிந்தபின் தொகுக்கப்பட்டு, வரலாற்றாசிரியர்கள் எடுத்தாளும் பட்டியல் ஒன்று உண்டு. அதன்படி மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 78,204 பேர். அவர்களுள் இறந்தோர் 29,634, தப்பியோடியோர் 24,626, திருப்பியனுப்பப்பட்டோர் 6,456, போர் முடிவில் எஞ்சியிருந்தோர் 17,488. கூட்டிப் பார்ப்பின் தொகை சரியாகவே வருகிறது. ஆயினும் ஒரு கணக்கு கூட்டலில் சரியாக இருப்பது வேறு. பொருளில் நிறைவாக இருப்பது வேறு.

'தப்பியோடியோர்' என்னும் நிரலை நோக்குக. முகாமிலிருந்து தப்பியவர் அடுத்து எங்கே சென்றார்? காட்டில் காய்ச்சலுக்கு இரையாகியிருக்கலாம். தாய்லாந்துச் சிற்றூரொன்றில் தங்கி அங்கேயே குடும்பம் அமைத்திருக்கலாம். கால்நடையாக வீடு திரும்பியுமிருக்கலாம். பட்டியலை எழுதியவருக்கு அவர் முகாமில் இல்லை என்பது மட்டுமே தெரியும். ஆகவே 29,634 என்பது 'எத்தனை பேர் இறந்தனர்?' என்னும் வினாவுக்குரிய விடை அன்று. 'எத்தனை பேர் இறந்ததாக முகாம்களில் பதிவாயிற்று?' என்னும் வினாவுக்குரிய விடை. பதிவான இறப்பை மட்டும் கொண்டால் சென்றவர்களில் நூற்றுக்கு 38 பேர் மாண்டனர். தப்பியோடியோர் அனைவரும் மாண்டதாகக் கொண்டால் நூற்றுக்கு 69 பேர். உண்மை இவ்விரு எல்லைகளுக்கு இடையில் இருக்க இடமுண்டு. பட்டியலே சென்றவர்களைக் குறைத்துக் காட்டியிருப்பின் நிலை மேலும் மாறும்.

இங்கே ஒரு முரணைச் சுட்டுவது கடமை. தோட்டத்து மக்கள் எண்ணப்படாத மக்கள் அல்லர். நாள்தோறும் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டு, கிராணியின் செக்ரோலில் ஆள் தவறாமல் பதியப்பட்டவர்கள். உழைப்புக்காக அவ்வளவு நுணுக்கமாக எண்ணப்பட்ட அதே மக்கள், சாவில் எண்ணப்படாது போயினர்.

2. ஒப்பிடும்போது ஒத்தவற்றை ஒப்பிடுதல்

அதே பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை செய்தனர். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ ஐவரில் ஒருவர். காஞ்சனபுரியில் உள்ள பெரிய போர்க் கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் நினைவுகூரப்படுகின்றனர். மாண்ட ஆசியத் தொழிலாளரோ 80,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தரும் மதிப்பீடு.

இவ்வெண்களை வைத்துக்கொண்டு ஒருவர், 'வெள்ளையர் 12,000 பேருக்கு உலகம் அழுகிறது. நம்மவருக்கு அழ ஆளில்லை' என்று வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படம் கைதிகளின் கதையாகவே அமைந்தது. எனினும் இவ்வாதம் நேர்மையாக அமைய இரண்டு திருத்தங்கள் வேண்டும்.

முதலாவது, கைதிகளின் எண் துல்லியமாக இருப்பதற்குக் காரணம், அவர்களிடையே இருந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் உயிரைப் பணயம் வைத்துப் பதிவேடுகளைப் பேணியதே. அவர்களின் துல்லியம் நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு அன்று. நமக்கும் கிடைத்திருக்க வேண்டிய நீதி அது. ஒருவர் கல்லறையைக் குறைத்து மற்றொருவர் கல்லறையை உயர்த்த முடியாது.

இரண்டாவது, மேற்கண்ட மதிப்பீடு ஆசியத் தொழிலாளர் அனைவரையும் உள்ளடக்கியது. அதில் பர்மியரும் சாவகரும் பெருந்தொகையினர். அத்தொகை முழுவதையும் 'தமிழர்' என்று எழுதினால், நமக்குச் செய்யப்பட்ட அதே புறக்கணிப்பை நாம் அவர்களுக்குச் செய்தவராவோம். 78,204 என்னும் தொகையிலும் மலாய்க்காரரும் சீனரும் சாவகரும் உளர் என்பதை மறத்தல் ஆகாது.

3. எண்ணை ஒட்டி வரும் இடைச்சொல்

மொழியியல் மாணவர் இங்கே பிறரினும் கூர்மையாகக் கேட்க முடியும். எண்ணைப் பற்றிய பூசல்களில் பல, உண்மையில் எண்ணைப் பற்றியவை அல்ல. எண்ணை ஒட்டி நிற்கும் இடைச்சொல்லைப் பற்றியவை.

'29,634 பேர் இறந்தனர்' என்பது வெறும் கூற்று. '29,634 பேரே இறந்தனர்' என்னும்போது பிரிநிலை ஏகாரம் அதற்கு மேற்பட்டவற்றை விலக்குகிறது. 'நீர் நினைத்த அளவு இல்லை' என்னும் குறிப்பையும் தருகிறது. 'குறைந்தது 29,634 பேர்' என்பது மேல் எல்லையைத் திறந்து வைக்கிறது. '29,634 பேர் வரை' என்பது கீழ் எல்லையைத் திறந்து வைக்கிறது. 'முப்பதாயிரம் பேர்கூட இல்லை' என்பது எண்ணைச் சொல்வதுபோல் இழப்பைச் சிறுமைப்படுத்துகிறது. தொல்காப்பியர் இடையியலில் ஏகாரத்திற்கு ஐந்து பொருளும் உம்மைக்கு எட்டுப் பொருளும் வகுத்தார். ஒரு சிறு உருபு கூற்றின் முழுப் பொருளையும் திருப்பவல்லது என்பதை நம் இலக்கணம் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது.

ஆகவே எண்ணைக் கேட்கும்போது இரு சான்று கேட்க வேண்டும். எண்ணுக்கு ஒரு சான்று. அதனுடன் வந்த 'ஏ', 'மட்டும்', 'வரை', 'குறைந்தது' ஆகியவற்றுக்குத் தனியே ஒரு சான்று. 29,634 என்பதற்குப் பட்டியலில் சான்று உண்டு. '29,634 பேரே' என்பதற்கு இல்லை. அதே பட்டியலின் அடுத்த நிரலில் 24,626 பேர் கணக்குத் தெரியாமல் நிற்கின்றனர்.

வினைச்சொல்லும் இவ்வாறே. 1943-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகப் பரவியது. 'காலராவில் இறந்தனர்' என்பது பொய்யன்று. ஆனால் அதில் வினைமுதல் நோய்தான். 'ஜப்பானியரால் கொல்லப்பட்டனர்' என்று எல்லா இறப்பையும் ஒரே வினையில் அடக்கினால், அடியுண்டு இறந்தவரும் நோயுற்று இறந்தவரும் வேறுபாடின்றி ஒன்றாகின்றனர். எதிர்வாதம் செய்வோருக்கு எளிய பிடியும் கிடைக்கிறது. தமிழில் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: 'சாகவிடப்பட்டனர்'. 'விடு' என்னும் துணைவினை, தடுக்கக்கூடியவர் தடுக்கவில்லை என்னும் பொருளைத் தருகிறது. மருந்தின்றி, போதிய உணவின்றி, கழிப்பிட வசதியின்றி ஆயிரக்கணக்கானோரை நெருக்கி வைத்து வேலை வாங்கியவர்களின் பொறுப்பை இவ்வினை மிகையின்றியும் குறையின்றியும் சுட்டுகிறது. நாளிதழ்கள் பயன்படுத்தும் 'பலி' என்னும் சொல்லோ படையலைக் குறித்த சொல். எவர் எதற்காகப் படைத்தார் என்று கேட்காமலே அதை நாம் எழுதிப் பழகிவிட்டோம்.

4. நம் பக்கத்து எண்ணுக்கும் அதே உரைகல்

பிறர் எண்ணை ஐயுறுவது எளிது. நம் எண்ணை ஐயுறுவதே அறம். 'ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஓர் உயிர்' என்னும் தொடரை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மீட்டருக்கு ஒரு கட்டை என மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும் 415 கிலோமீட்டருக்கு 415,000 கட்டைகள் வேண்டும். அது தொழிலாளர், கைதிகள் ஆகிய இரு சாராரிலும் மாண்டோரின் உயர்ந்த மதிப்பீட்டைப்போல் மூன்றரை மடங்கிற்கும் மேல். அத்தொடரை உயர்வு நவிற்சி அணியாக ஏற்கலாம். புலம்பலில் அதற்கு இடம் உண்டு. புள்ளிவிவரமாகப் பாடக் குறிப்பில் எழுதலாகாது.

ஒன்றரை இலட்சம் என்னும் கூற்றும் இத்தகையதே. மேற்கண்ட பட்டியலில் மலாயாவிலிருந்து சென்றோரின் முழுத் தொகையே அதில் பாதியளவுதான். பட்டியல் குறையுடையது என்று வாதிட எவருக்கும் உரிமை உண்டு; பதியப்படாமல் கொண்டுசெல்லப்பட்டோர் இருந்திருக்கலாம். ஆனால் எங்கே, எவ்வாறு, எவ்வளவு குறையுடையது என்று காட்டும் சுமை அவ்வாறு வாதிடுவோரையே சாரும். அச்சுமையை ஏற்காமல் எண்ணை மட்டும் உயர்த்தினால் தீங்கு யாருக்கு? எதிராளி அந்த ஓர் எண்ணை உடைத்துக் காட்டி, அதனோடு நிகழ்ச்சியையே உடைத்துவிட்டதாகக் கூறுவார். மிகை நம்மை வலுப்படுத்துவதில்லை. உண்மையை அது எதிராளியின் கையில் ஒப்படைக்கிறது.

இதே இடர்ப்பாட்டை நம் காலத்தில் ஈழத்தின் முள்ளிவாய்க்கால் விவாதத்திலும் காண்கிறோம். 2009-இல் முடிந்த இறுதிப் போரைக் குறித்து ஐக்கிய நாடுகள் அவைத் தலைமைச் செயலர் அமர்த்திய வல்லுநர் குழு, 2011-இல் பொதுமக்கள் இறப்பு 40,000 வரை இருந்திருக்கலாம் என்றது. 2012-இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் அவையின் உள்ளக மீளாய்வு, 70,000-க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்னும் மதிப்பீட்டைச் சுட்டியது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த கணக்கு வேறு வகையானது. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. இடையே 146,679 பேரைக் காணவில்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விளக்கம் தேவை என்றார் அவர்.

இம்மூன்று எண்களும் மூன்று வினாக்களுக்குரிய விடைகள். மேடைகளில் முதல் எண்ணிலிருந்து 'வரை' உதிர்ந்துபோகிறது. இரண்டாம் மூன்றாம் எண்களில் 'கணக்கில் வராதோர்' என்பது 'கொல்லப்பட்டோர்' ஆகிவிடுகிறது. ஆயர் எழுப்பியது ஒரு வினா. அதை நாம் விடையாக மாற்றும்போது, விடை சொல்லவேண்டியவர்களை அவ்வினாவிலிருந்து விடுவித்துவிடுகிறோம். அதே வல்லுநர் குழு விடுதலைப் புலிகள் மீதும், மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததாகவும் தப்பிச் செல்ல முயன்றோரைச் சுட்டதாகவும் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. ஓர் அறிக்கையிலிருந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, நமக்கு உவப்பில்லாத பக்கத்தை மூடிவைத்தல் நேர்மையாகாது.

மறுபக்கத்தாரின் தவறும் சிறிதன்று. எண் உறுதியாகவில்லை என்பதிலிருந்து நிகழ்ச்சி உறுதியாகவில்லை என்பது பெறப்படாது. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவையின் பணியாளரை வன்னியிலிருந்து வெளியேறுமாறு சொன்னது இலங்கை அரசு. எண்ணக்கூடியவர்களை அகற்றிய பின், எண் இல்லை என்பதையே தன் வாதமாகக் கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. சயாம் முகாம்களுக்கும் இது பொருந்தும்.

5. அளவு வேறு, பொருள் வேறு

எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் இழப்பு பெரிது என்னும் மயக்கமே மிகைக்கு அடிப்படை. 1968 டிசம்பர் 25 அன்று அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பத்தினர் 44 பேர் குடிசையொன்றில் எரித்துக் கொல்லப்பட்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 44 என்பதை எவரும் உயர்த்த வேண்டிய தேவை எழவில்லை. நிலவுடைமையும் சாதியும் எவ்வாறு இயங்கின என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. அதன் பொருள் அங்கே இருந்தது.

மரண ரயிலின் பொருளும் தொகையில் மட்டும் இல்லை. மக்களை ஏமாற்றியும் வற்புறுத்தியும் கொண்டுசென்ற முறையில் உள்ளது. நோயுற்றவரைக் கைவிட்ட முறையில் உள்ளது. மாண்டவரின் பெயரைக்கூட எழுதிவைக்காத முறையில் உள்ளது. தொகை 30,000 என்றாலும் 60,000 என்றாலும் இவற்றில் ஒன்றும் மாறாது. எனவே குறைந்த எண்ணைச் சொல்பவர் எல்லாரும் கொடுமையை மறைப்பவர் அல்லர். உயர்ந்த எண்ணைச் சொல்பவர் எல்லாரும் மாண்டோர்பால் மிகுந்த அன்புடையவரும் அல்லர். இருவரிடமும் கேட்கவேண்டியது, 'இவ்வெண்ணை நீங்கள் எவ்வாறு அறிந்தீர்கள்?' என்னும் வினா.

6. வகுப்பறைக்குச் சில வினாக்கள்

ஆசிரியர்கள் இப்பொருளைப் பேச்சுப் போட்டிக்கோ கட்டுரைக்கோ கொடுக்கும்போது, மாணவர் ஒவ்வோர் எண்ணிடமும் பின்வருமாறு கேட்கப் பழக்கலாம்:

எண்ணியவர் யார், எப்போது, எதைக் கொண்டு எண்ணினார்?

'இறந்தோர்', 'காணாமற்போனோர்', 'தப்பியோடியோர்', 'கணக்கில் வராதோர்' ஆகியவற்றுள் இவ்வெண் எதற்குரியது?

எத்தனை பேரில் இத்தனை பேர். அம்முழுத் தொகையில் யார் யார் அடங்குவர்?

எண்ணை ஒட்டி வரும் இடைச்சொல்லுக்கும் வினைக்கும் தனியே சான்று உண்டா?

இதே எண்ணை எதிர்த்தரப்பு சொல்லியிருந்தால் இதே சான்றை நாம் ஏற்றிருப்போமா?

இறுதி வினாவே கடினமானது. அதற்கு நேர்மையாக விடை சொல்லத் தெரிந்த மாணவர், எந்த அவையிலும் தலைநிமிர்ந்து வாதிடலாம்.

இவ்வினாக்கள் இழப்பின் உணர்ச்சியை உலர்த்திவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பதிவேடுகள் கைவிட்ட நினைவை நம் நாட்டில் நாவலாசிரியர்கள் காத்தனர், ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி ஆகியோர் சயாம் சென்றோரின் வாழ்வைப் புதினமாக்கினர். புதினத்திற்கு எண் தேவையில்லை. அதற்கு ஆள் வேண்டும். வாதத்திற்கோ இரண்டும் வேண்டும்.

நம் முன்னோர் நடுகல் நாட்டியபோது வீரனின் பெயரையும் அவன் செயலையும் பொறித்தனர். எத்தனையாமவன் என்று பொறிக்கவில்லை. அத்தகைய பெயர்கள் இன்னும் சில வீடுகளில் கிடைக்கக்கூடும்: பழைய நிழற்படத்தின் பின்புறத்தில், அடையாள அட்டை ஒன்றில் 'தந்தை பெயர்' என்னும் இடத்தில், பாட்டியொருத்தி நினைவில் வைத்திருக்கும் ஒரு சொல்லில். காஹாங்கிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் மாணவர்கள் தத்தம் வீட்டில் 'நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் உண்டா?' என்று கேட்டு, பெயரையும் ஊரையும் தோட்டத்தையும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டுகிறோம். திரும்பினார், திரும்பவில்லை, தெரியவில்லை என்னும் மூன்றில் எது உண்மையோ அதையும் எழுதுக. 'தெரியவில்லை' என்று எழுத நேர்ந்தால் தயங்க வேண்டா. அந்தத் தெரியாமையும் அவர்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கின் ஒரு பகுதியே; அதை உள்ளபடி பதிவு செய்தலும் கணக்கே ஆகும்.